வெப்பக் கவசத்தை ஒட்ட வேண்டாம்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 63. சூளூர்பேட்டையில் குடியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 14 மாதங்களுக்கு முன் என் மனைவி கிட்னி பழுதாகி, ஒரு வருஷம் டயாலிசிஸில் இருந்து இறந்துவிட்டாள். முப்பது வருஷமாக ராக்கெட் ஏறும்போதெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் பார்ப்போம். அவள் போன பிறகு முதல் இரண்டு மாதம் எனக்கு அழுகையே வரவில்லை. அப்புறம் மொத்தமாக வந்தது. அந்தச் சமயத்தில் குழாய் சாமான் வாங்கப் போன கடையில் 63 மி.மீ. பைப் ஒன்றைப் பார்த்தேன். அதை வாங்கி வந்து பி.எஸ்.எல்.வி. மாடல் செய்ய ஆரம்பித்தேன். ஒரு மீட்டர் உயரம், எல்லாம் அளவுப்படி. பத்து மாதமாகிறது. உட்கார்ந்தால் நாலு மணி நேரம் போவது தெரியாது. அந்த நேரத்தில் அவள் ஞாபகம் வருவதில்லை. எழுந்த பிறகு அதுவே குற்றமாக உறுத்துகிறது. படுக்க ராத்திரி இரண்டு மணி ஆகிவிடுகிறது. பேரன் எட்டிப் பார்ப்பான். உடைத்துவிடுவான் என்று உள்ளே விடுவதில்லை. செயற்கைக்கோளுக்கு மேலே சுற்றுவதற்கு அவளுடைய பட்டுப்புடவை ஜரிகையில் கொஞ்சம் வெட்டினேன். அதைப் பார்த்து மகன் சத்தம் போட்டு, "உங்களுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சு, டாக்டர்கிட்ட போலாம்" என்கிறான். இப்போது எல்லாம் முடிந்து, செயற்கைக்கோளை மூடும் உச்சிப் பகுதியான வெப்பக் கவசம் மட்டும் பாக்கி. மூன்று மாதமாக அதை ஒட்டக் கை வரவில்லை. இது வைத்தியமா, வியாதியா? நிறுத்திவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

நிறுத்த வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். இந்த ஒரு வார்த்தை முதலில் உங்களுக்கு வந்து சேரட்டும். உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும், பதில் வருவதற்குள் நீங்களே அந்த அறையைப் பூட்டிவிட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குக் கவலை வந்தது.

நானும் உங்கள் பக்கத்து ஊரான தடாவில் பிறந்து வளர்ந்தவன். ராக்கெட் ஏறும் நாளில் எங்கள் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டி வந்து ஏரிப் பக்கம் பார்க்கச் சொல்வார். அதனால் கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த நான்கு படங்களையும் டாக்டராக ஒரு தடவையும் ஊர்க்காரனாகப் பல தடவையும் பார்த்தேன். அப்புறம் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். பி.எஸ்.எல்.வி.யின் உயரம் 44.4 மீட்டர், நடு உடம்பின் விட்டம் 2.8 மீட்டர். இரண்டையும் 44.4-ஆல் வகுத்தால் உயரம் சரியாக ஒரு மீட்டர், விட்டம் 63 மில்லிமீட்டர். நம் ஊரில் போர்வெல்லுக்கும் வயலுக்கும் வாங்கிப் போகிற அதே 63 மி.மீ. பைப்! இந்தக் கணக்கை நீங்கள் கடையில் நின்றபடியே மனசுக்குள் போட்டிருக்கிறீர்கள். மனைவியை இழந்து நான்கே மாதம் ஆன ஒருவருக்கு அது ஓடுகிறது என்றால், அவருடைய புத்தியைப் பற்றி எனக்குப் பயமில்லை. மகனிடம் இதை அப்படியே காட்டுங்கள்.

இரண்டாவது படத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. பூஸ்டர் என்கிற, பக்கத்தில் ஒட்டி நிற்கும் துணை ராக்கெட் ஒவ்வொன்றும் நிஜத்தில் ஒரு மீட்டர் விட்டம். உங்கள் அளவில் அது 22.5 மி.மீ. வரும். அந்த அளவில் பைப் கிடையாது. நீங்கள் 20 மி.மீ. பைப்பை எடுத்து அதன்மேல் சார்ட் பேப்பர் சுற்றியிருக்கிறீர்கள். பெயின்ட் அடிக்காத அடிப்பகுதியில் காகிதத்தின் விளிம்பு தெரிகிறது. எத்தனை சுற்று ஆயிற்று என்று பென்சிலில் போட்ட சின்னச் சின்னக் கோடுகள்கூட அழியாமல் இருக்கின்றன. ஆறு பூஸ்டரிலும் கோடுகளின் எண்ணிக்கை ஒன்றேதான். அந்தக் கோடுகளை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். மகனை விபத்தில் பறிகொடுத்தவர். நாள் முழுக்க பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னிக்கொண்டே இருக்கிறார், யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது உறவுக்காரர்களின் புகார். அவர் பையில் அப்போதும் பாதி பின்னிய கூடை ஒன்று இருந்தது. பச்சையும் வெள்ளையும், நெல்லிக்காய் முடிச்சு. நான் அவரிடம், "கொஞ்ச நாள் கூடையை ஓரமா வைங்கம்மா, நாலு பேரோட கலந்து பேசுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவர் டாக்டர் பேச்சைத் தட்டாதவர். மூன்று வாரம் கழித்து வந்தபோது பத்து விரலிலும் நகத்தைச் சுற்றியிருந்த தோலைப் பிய்த்துப் பிய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தார். "கை சும்மா இருந்தா அவன் வந்து நிக்கிறான் சார்" என்றார். அவருக்கு மருந்தாக இருந்ததை நான் பிடுங்கி வைத்துக்கொண்டு, வேறு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். திரும்பப் பின்னுங்கள், ஆனால் உள்ளறையில் வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து பின்னுங்கள் என்றேன். ஒரு மாதத்துக்குள் தெருப் பெண்கள் இரண்டு பேர் அவரிடம் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மெதுவாகத் தேறி வந்தது அந்தத் திண்ணையில்தான்.

கைவேலையை வைத்தியமாகக் கொடுப்பது நேற்று வந்த விஷயம் இல்லை. முதல் உலகப் போரில் உடம்பிலும் மனதிலும் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரிகளில் கூடை பின்னவும் தறி நெய்யவும் மரவேலை செய்யவும் கொடுத்தார்கள். 1917-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, ஆக்குபேஷனல் தெரபி என்ற தனித் துறை உருவானது. நம் நாட்டில் 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையார் அந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தார். அந்த வருஷங்களில் படிப்பாகக் கற்றுக் கொடுத்ததை நீங்கள் யாரும் சொல்லாமலே உங்கள் பின்கட்டு அறையில் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், உங்கள் விஷயத்தில் எனக்கு ஒன்று முக்கியமாகத் தோன்றுகிறது. டயாலிசிஸ் ஓடிய அந்த ஒரு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். உப்பைக் குறைத்தீர்கள், தண்ணீரை அளந்து கொடுத்தீர்கள், வாரத்துக்கு இத்தனை தடவை என்று ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனீர்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எண் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க மைக்ரோமீட்டரில் அளந்து, ராவி, சரிக்குச் சரி பொருத்திய கை உங்களுடையது. செய்ததற்கு எந்தப் பலனும் இல்லாமல் அந்தக் கை ஒரு வருஷம் தவித்திருக்கிறது. இப்போது பூஸ்டர் 23 மி.மீ. வந்துவிட்டால் வெர்னியர் உடனே காட்டிக்கொடுக்கிறது. ஒரு சுற்றுப் பேப்பரைப் பிரித்தால் 22.5 ஆகிவிடுகிறது. செய்தால் நடக்கிறது. இந்த அனுபவம் திரும்பக் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நோயாளியைப் பார்த்துக்கொண்ட எல்லாரும் அறிவார்கள்.

மற்றொன்று, துக்கத்தில் இருக்கும் மனம் சும்மா இருந்தால் மாடு மாதிரி அசைபோடும். முன்னமே ஸ்கேன் எடுத்திருந்தால், அந்த வருஷமே சென்னைக்குக் கூட்டிப் போயிருந்தால் என்று ஒரே கவளத்தைத் திரும்பத் திரும்ப மெல்லும். அதை "நினைக்காதே" என்று அதட்டினால் அடங்காது. கண், விரல் நுனி, எண்ணிக்கை மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கிற வேலை ஒன்று கிடைத்தால் அடங்கும். மனச்சோர்வுக்கு நாங்கள் கொடுக்கும் சிகிச்சைகளில், தினமும் திட்டமிட்டுச் சில செயல்களைச் செய்ய வைப்பது ஒரு முக்கியமான பகுதி. 1996-ல் நீல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும், எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சையையும் இந்தச் செயல் பகுதியை மட்டும் தனியாகவும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் கொடுத்தது. மனசு சரியாகட்டும், அப்புறம் எழுந்து ஏதாவது செய்யலாம் என்று பலர் படுத்தே இருக்கிறார்கள். நீங்கள் அப்படிக் காத்திருக்கவில்லை.

சரி, அந்த உறுத்தலுக்கு வருவோம். நான்கு மணி நேரம் அவர் ஞாபகம் வரவில்லை என்கிறீர்கள். ஐயா, அந்த ராக்கெட்டே அவர் ஞாபகம்தானே? முப்பது வருஷம் சேர்ந்து பார்த்ததைத்தான் கையால் திரும்பச் செய்கிறீர்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், துக்கம் ஆறும் விதத்தைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். இழந்தவர் சில நேரம் இழப்பின் பக்கம் நிற்பார். அழுவார், போட்டோவைப் பார்ப்பார். சில நேரம் வாழ்க்கையின் பக்கம் நிற்பார்; கரண்ட் பில் கட்டுவார், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வார், சிரிக்கவும் செய்வார். இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் ஆறுதலின் இயல்பு என்பது அவர்கள் சொன்னது. இரண்டில் ஒரே பக்கம் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டால்தான் சிக்கல். நான்கு மணி நேரம் மறந்திருந்து, எழுந்ததும் நெஞ்சு கனக்கிறது என்றால் நீங்கள் போய்த்தான் வருகிறீர்கள். அவருக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை.

முதல் இரண்டு மாதம் அழுகை வராததையும் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மொட்டை மாடியில் இருந்தே இதைச் சொல்லலாம். ராக்கெட் ஏறும் ஸ்ரீஹரிகோட்டா தீவில் இருந்து சூளூர்பேட்டைக்குப் பதினெட்டு, இருபது கிலோமீட்டர். ராக்கெட் கிளம்பும் வெளிச்சம் அந்தக் கணமே தெரிந்துவிடும். சத்தம் வினாடிக்கு 340 மீட்டர்தான் நடக்கும் என்பதால் ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து வரும். வெளியூரில் இருந்து வருகிற உறவுக்காரர்கள், என்ன சத்தமே இல்லை என்று கேட்பார்கள். நாம் "இருங்க, வருது" என்போம். அப்புறம் ஜன்னல் கண்ணாடி அதிரும், அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். உங்களுக்குத் துக்கம் அப்படித் தாமதமாக வந்திருக்கிறது. ஈமச்சடங்கு, கணக்கு வழக்கு, வந்து போகிறவர்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு வந்து சேர்வது மிகச் சாதாரணம். அன்பு குறைந்தவர்களுக்குத்தான் அப்படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மகன் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம் பேச முடியாது.

ஜரிகையை நீங்கள் எதற்காக எடுத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. செயற்கைக்கோள்களின் மேல் பொன் மாதிரி மின்னும் தாள் இருக்கிறதே, அதில் தங்கம் இல்லை. ஆரஞ்சு மஞ்சள் நிறமுள்ள பாலிஇமைடு என்ற மெல்லிய படலம். பின்னால் அலுமினியப் பூச்சு இருப்பதால் பொன்னிறமாகத் தெரிகிறது. வெயிலின் சூடும் விண்வெளியின் குளிரும் உள்ளே இருக்கிற கருவிகளைத் தாக்காமல் அடுக்கடுக்காகப் போர்த்துவார்கள். அசல் ஜரிகையிலோ பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றித் தங்கமுலாம் பூசியிருக்கும். கடையில் விற்கும் சாக்லேட் தாளை விட்டுவிட்டு, வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்ததை அதற்குப் போர்த்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நல்ல மனசு அது.

ஆனால் அந்தப் புடவை உங்கள் மகனுக்கு அம்மா. அவன் பீரோவைத் திறந்தபோது முந்தானையில் கத்தரி பட்ட இடம் தெரிந்திருக்கிறது. நீங்கள் பத்து மாதமாக உங்கள் துக்கத்தைக் கையில் பிடித்து உருட்டி உருவம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் காலையில் ஸ்ரீசிட்டிக்கோ வேறு எங்கோ ஷிப்டுக்கு ஓடி, இரவு வந்து, அப்பாவின் அறையில் லைட் எரிவதைப் பார்த்துவிட்டுப் படுக்கிறான். அவனுக்கு அழ ஒரு இடம் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. "புத்தி பேதலிச்சிடுச்சு" என்று அவன் கத்தியதில் எனக்குக் கேட்பது வேறு: அம்மாவும் போய்விட்டாள், அப்பாவும் ஓர் அறைக்குள் போய்விட்டார், என்னைக் கேட்காமல் புடவையும் போகிறது. வெட்டியது தப்பில்லை, சொல்லாமல் வெட்டியது தப்பு. இதை அவனிடம் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை. "உன்னைக் கேட்டிருக்கணும்ப்பா, கேட்கல" என்றால் போதும். மீதிப் புடவையை அவனிடமே கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் செயற்கைக்கோளை அவன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். அவன் எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாலும் பரவாயில்லை.

தூக்கம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். இரண்டு மணி வரை விழித்திருப்பது உங்கள் வயதில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கெடுக்கும். மறுநாள் துக்கத்தையும் இரட்டிப்பாக்கும். தொழிற்சாலையில் சங்கு ஊதினால் மெஷினை நிறுத்துவீர்களே, அதே மாதிரி இரவு ஒன்பதரைக்கு சங்கு. வேலை நடுவில் இருக்கும்போதே நிறுத்துங்கள். மறுநாள் முதலில் செய்ய வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாடலின் அடியில் வையுங்கள். காலையில் எழ ஒரு காரணம் அந்தச் சீட்டில் இருக்கும். இந்த வேலைக்கு உகந்த நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு. வெளிச்சமும் இருக்கும், வீட்டில் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். பி.வி.சி. சொல்யூஷன், ஸ்ப்ரே பெயின்ட் இரண்டின் ஆவியும் மூடிய அறையில் தலைவலியும் மயக்கமும் கொடுக்கும். உப்புத்தாள் போடும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. இதெல்லாம் ஃபிட்டருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் உடம்பைக் கவனிக்க மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பேரன் என்றாவது ஒருநாள் "தாத்தா, இது பறக்குமா?" என்று கேட்பான். பட்டாசு மருந்தை அடைத்துப் பார்க்கும் யோசனைக்கு வீட்டில் யாருமே போகக் கூடாது. பைப் வெடித்தால் சில்லுகள் சதைக்குள் புகுந்துவிடும்.

எப்போது நேரில் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்வது முறையல்ல. துக்கம் நீண்டுபோய் ஆளை முடக்கிவிடும் நிலைக்கு இப்போது தனிப் பெயரே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஒரு வருஷம் என்றும் கணக்கு வைத்திருக்கின்றன. 14 மாதம் ஆகிவிட்டதே என்று பயப்படாதீர்கள், காலம் மட்டும் அதை முடிவு செய்வதில்லை. இறந்துபோனதை இன்னும் நம்பவே முடியவில்லை, அன்றாடம் ஏக்கம் நெஞ்சை அடைக்கிறது, சமைக்க, குளிக்க, கடைக்குப் போக எதற்கும் முடியவில்லை என்று இருந்தால் வாருங்கள். பசி போய் எடை இறங்கினாலும், மாடல் வேலையிலேயே பிடிப்பு இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் வாருங்கள். அவளோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் 2022-ல் இருந்து இயங்குகிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். எப்படியும் ஒரு தடவை மகனோடு போய் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பரிசோதியுங்கள். அவன் கூப்பிடுகிறானே, அவனோடு ஒரு பைக் பயணமாவது ஆயிற்று.

கடைசியாக, அந்த வெப்பக் கவசம்.

ஒட்டக் கை வரவில்லை என்கிறீர்கள். ஒட்டினால் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் மறுநாள் காலையில் பழைய வெறுமை உட்கார்ந்திருக்கும் என்ற பயம் அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கலாம். அவருடைய ஜரிகையைச் சுற்றிய அந்தச் சின்னச் செயற்கைக்கோளை மூடிவிட்டால் இனி பார்க்க முடியாது. ஒரு தடவை அவரை மூடியாயிற்று. இன்னொரு தடவை உங்கள் கையாலேயே மூடச் சொன்னால் எந்தக் கை வரும்?

அதனால் ஒட்டாதீர்கள். நிஜ ராக்கெட்டிலும் அது ஒட்டி வைத்த மூடி இல்லை. காற்று அடர்த்தியாக இருக்கும் உயரம் தாண்டும்வரை செயற்கைக்கோளைக் காத்துவிட்டு, இரண்டு பாதியாகப் பிரிந்து விழுந்துவிட வேண்டியது. பிரியாமல் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரே பார்த்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 31-ம் தேதி சாயங்காலம் போன பி.எஸ்.எல்.வி. சி-39-ல் கவசம் திறக்கவில்லை. செயற்கைக்கோள் உள்ளேயே சிக்கி வீணாகிவிட்டது. நீங்களும் அன்றைக்கு மாடியில் இருந்திருப்பீர்கள். உங்கள் மாடலில் கவசம் 72 மி.மீ. விட்டம், 19 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான உயரம். அதை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, விளிம்பில் நாலு சின்னக் காந்தத்தைப் பதித்துவிடுங்கள். மூடினால் மூடும், இழுத்தால் திறக்கும். ஃபிட்டருக்கு ஒரு நாள் வேலை. வேண்டும்போது திறந்து பாருங்கள், வேண்டாதபோது மூடி வையுங்கள். சில நாள் திறக்க மறந்தும் போவீர்கள்.

மாடல் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர்க்காரனாக ஒன்று சொல்லட்டுமா? முடியவில்லை. நாலு படத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். பூஸ்டர் ஆறும் சரியாக இருக்கின்றன. ஆனால் முதல் கட்டத்தின் உடம்போடு ஒட்டி, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு மெல்லிய நீளக் குழாய்கள் நிற்க வேண்டும். முதல் கட்டத்தில் இருப்பது திட எரிபொருள். நெருப்பு வெளியேறும் வாயான நாசிலை அசைத்துத் திருப்பும் ஏற்பாடு அதில் இல்லை. அந்தக் குழாய்களில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலை நாசிலுக்குள் ஒரு பக்கமாகப் பீய்ச்சி, வெளியேறும் நெருப்பின் போக்கை லேசாகச் சாய்ப்பார்கள். ராக்கெட் திசை திரும்புவது அப்படித்தான். பூஸ்டர்களுக்கு நடுவில் மறைந்து நிற்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. உங்களுக்கு ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை. ராக்கெட் எழும் படங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

குழாய் மெல்லியது, உயரம் அதிகம், பூஸ்டர்களுக்கு இடையில் விரல் நுழைய இடம் குறைவு. செங்குத்து மாறாமல் ஒருவர் மேலேயும் கீழேயும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஃபெவிக்விக் வைக்க வேண்டும். பிடிக்க வேண்டிய விரல்கள் சின்னதாக இருந்தால் நல்லது. விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள், தானாக விட்டுவிடும். சனிக்கிழமை பேரனுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தானே?